மூத்தார் பெயர்

கென்ஜெகுல் வாரக்கணக்காகக் காத்திருந்த வியாழக்கிழமை வந்துவிட்டது.

தலைநகரத்து விளையாட்டுத் துறையிலிருந்து ஆட்கள் இன்று தெமிர்சாய்க்கு வருகிறார்கள். மதியம் பல்கலைக்கழகத்தில் கூட்டம். அவள் எழுதிக் கொடுத்த உடற்கல்வித் திட்டம் நிற்குமா விழுமா என்பது அந்தக் கூட்டத்தில் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் தான் குஸ்தி பழக்குகிற பெண்பிள்ளைகளை ஒருதடவை மெத்தையில் இறக்கி உடம்பைச் சூடாக்கிவிடலாம் என்று, தரையில் உறைபனி கரையும் முன்பே கிளம்பி வந்திருந்தாள். மகள் பெரிசாத் பின்னால் வந்தாள். அவளும் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி.

குஸ்திக்கூடத்தின் கதவு அகலத் திறந்து கிடந்தது.

உள்ளே மெத்தை இல்லை. மெத்தை கிடந்த இடத்தில் வட்ட மேசைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்ந்திருந்தன. பிள்ளைகள் கயிறு பிடித்து ஏறுகிற கொக்கியில், கயிற்றை அவிழ்த்துவிட்டு ஒரு சரவிளக்கைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணியின் உச்சியில் ஒரு மனிதர் ஒரு கையால் விளக்கைத் தாங்கி, மறுகையால் முறுக்குக் கம்பியைத் திருகிக்கொண்டிருந்தார். பாரம் தாங்கிய தோள் நடுங்கிற்று. அந்த நேரத்தில் கேள்வி கேட்டால் மனிதர் விழுந்துவிடுவார் என்று கென்ஜெகுல் அவர் இறங்கும்வரை பேசாமல் நின்றாள்.

இறங்கியவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வணக்கம் சொன்னார். மெத்தை எங்கே என்று கேட்டதற்கு, பழைய கொதிகலன் அறைக்குப் போய்விட்டது என்றார். யார் சொல்லி என்று கேட்டதற்கு, மேலிடம் என்றார். எதற்கு என்று கேட்டபோதுதான் அவர் அவளை ஒருமாதிரி பார்த்தார்.

"சனிக்கிழமை கல்யாணத்துக்கு டீச்சர். உங்க வீட்டுக் கல்யாணந்தானே, உங்களுக்கே தெரியாதா?"

அவளுடைய மூத்தார் மகனுக்கு, அதாவது கணவனின் அண்ணன் மகனுக்குச் சனிக்கிழமை கல்யாணம் என்பது தெரியும். ஆற்றோரத்து விருந்து மண்டபத்தில் என்று சொல்லியிருந்தார்கள். மாவு உருண்டை பொரிக்கிற வேலைக்கு இவள் பெயரைத்தான் போட்டிருந்தார்கள். குஸ்திக்கூடத்தில் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இந்தக் கல்யாணம் முதல் கல்யாணம் என்றும், இதற்கப்புறம் கூடம் நிரந்தரமாகவே விருந்து மண்டபமாகிறது என்றும், சமையலுக்கு அந்தப் பக்கம் சுவரை உடைக்கப்போகிறார்கள் என்றும் அவர் நல்ல மனதோடு சொல்லிக்கொண்டே போனார். அவருக்கு வேலை கிடைத்த சந்தோஷம். அவரைக் கோபித்து என்ன செய்ய?

பெரிசாத் அதற்குள் கொதிகலன் அறைக்கு ஓடிப்போய்த் திரும்பிவிட்டாள். கைகள் இரண்டும் கரி.

"பாதி மெத்தைதான்மா இருக்கு. அதுவும் நனைஞ்சு கிடக்கு. மீதியக் காணோம்."

மீதி எங்கே போயிருக்கும் என்று கென்ஜெகுலுக்கு உடனே பட்டது. அப்படிப் பட்டதற்காகத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

•

இந்தத் திட்டம் எதற்கு என்று வாசகர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. இன்றைக்கு அது தூக்குமேடை ஏறுகிற நாள் என்பதால் ஒரு வார்த்தை.

அந்தப் பல்கலைக்கழகத்தில் பி.டி. வகுப்பு என்றால் கூடத்தைச் சுற்றி நாலு நடை நடந்துவிட்டு வீட்டுக்குப் போவதுதான். நடக்கவும் மனமில்லாதவர்கள் டாக்டரிடம் நெஞ்சுவலிச் சீட்டு வாங்கி வருவார்கள். தேர்வு நேரத்தில் யார் வீட்டு ஆட்டுத்தொடையாவது ஆசிரியர் வீட்டுக்குப் போகும், எல்லோரும் தேறிவிடுவார்கள். நாடோ பெரிய போட்டிகளுக்குத் தலைநகரத்தின் ஒரே ஒரு விளையாட்டுப் பள்ளியை நம்பி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. மலைமேல் ஆட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடை தாண்டுகிற பெண்பிள்ளையை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

வருகிற ஒவ்வொரு மாணவனும் மாணவியும் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கட்டும், இரண்டு வருடம் நிஜமாகவே பயிற்சி செய்யட்டும், உழைத்தால் மட்டும் தேறட்டும், அதில் தேறிவருகிறவர்களை நாட்டு அணிக்குக் காட்டுவோம் என்பதுதான் கென்ஜெகுலின் திட்டம். இதற்குப் பெரிய மூளை ஒன்றும் வேண்டாம். கூடம் ஒன்று வேண்டும், மெத்தை வேண்டும், வாக்குத் தவறாத ஆட்கள் வேண்டும்.

அதைப் படித்துவிட்டு நல்லது என்று முதலில் சொன்னவர் அவளுடைய மூத்தார். பல்கலைக்கழகத்தின் துணைத்தலைவர். தன் வீட்டுச் சாப்பாட்டு விரிப்பின் முன்னால் உட்கார்ந்துகொண்டே அவர் சொன்னார்: மேய்ச்சல் நிலத்துக்குப் போ, நல்ல பிள்ளைகளாகப் பார், கூடம் பெண்பிள்ளைகளுக்குத்தான் என்று தகப்பன்மாரிடம் என் வாக்காகச் சொல். கணவன் உலார்பெக் அப்போது பக்கத்திலேயே இருந்தான்.

அவள் கோடை முழுக்கக் கூடாரம் கூடாரமாக ஏறி இறங்கினாள். தலைநகரத்துப் பள்ளியில் இடம் கிடைத்திருந்த பிள்ளைகள்கூட, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஆயிற்று என்று அந்த இடத்தை விட்டுவிட்டு வந்தார்கள். ஒரோசாலி என்கிற மேய்ப்பர், தன் மகள் மீரிமை அனுப்புவதற்கு முன்னால், குதிரைப்பால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இது யார் வாக்கு என்று நேராகவே கேட்டார்.

"பல்கலைக்கழகத்துல பெரிய பொறுப்புல இருக்கவர் வாக்கு. எங்க வீட்டு ஆளுதான்" என்றாள் அவள்.

அதற்குமேல் அவரும் கேட்கவில்லை. வாழ வந்த பெண் புருஷன் வீட்டு மூத்த ஆண்களின் பெயரை வாயில் எடுக்கமாட்டாள். அதைச் சொல்லச்சொல்லிக் கேட்கிறவன்தான் மரியாதை கெட்டவன். கென்ஜெகுலின் வகுப்பிலேயே மூத்தாரின் பெயர் கொண்ட ஒரு பையன் உண்டு. வருகை எடுக்கும்போது அவன் பெயர் வரும் இடத்தில் அவள் நிமிர்ந்து பார்ப்பாள், "ஜன்னலோரம்" என்பாள், அவன் கையைத் தூக்குவான். பிள்ளைகள் இப்போது அவனை ஜன்னலோரம் என்றே கூப்பிடுகிறார்கள்.

•

மீதி மெத்தை பழைய சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தது. நல்ல பாதி.

உலார்பெக் குஸ்தி பழக்குகிற பையன்கள் அதன் ஓரங்களை இழுத்து நேராக்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சரைக் கண்டதும் ஒவ்வொருவராக நழுவினார்கள். உலார்பெக் மட்டும் மண்டியிட்டபடி மெத்தையின் மூலையைத் தட்டிக்கொண்டிருந்தான். ஏற்கனவே சரியாக இருந்த மூலை.

அவள் கத்தவில்லை. கத்துகிற பழக்கம் அவளுக்கு மெத்தை ஓரத்தில் மட்டும்தான்.

"எப்பத்திலிருந்து தெரியும்?"

"நோன்புப் பெருநாளப்ப அண்ணன் சொன்னாரு."

"நான் மேய்ச்சல் நிலத்துக்குப் போறதுக்கு முன்னாடியே."

அவன் அந்த மூலையை மறுபடி தட்டினான்.

"ஒவ்வொரு தடவை இறங்கி வந்தப்பவும் அந்தப் பிள்ளைங்க பேரைச் சொல்லிச் சொல்லி சிரிச்சிட்டிருந்தேனே. இந்தப் பிள்ளைக்கு இடுப்புப் பலம், அந்தப் பிள்ளைக்குக் கை நீளம்னு. நீங்களும் கேட்டு சிரிச்சீங்க. என்னன்னு சிரிச்சீங்க?"

உலார்பெக் எழுந்தான். பெரிய உடம்பு. ஒரு காலத்தில் மாநிலமே பார்த்த உடம்பு. அவன் சொன்னதெல்லாம் ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்து நிற்கிற செங்கல் மாதிரி, ஒன்றை எடுத்தால் எல்லாம் விழும். அப்பா செத்தபின் தன்னைப் படிக்கவைத்தது அண்ணன். குடியிருக்கிற வீடு அண்ணன் பார்த்துக் கொடுத்தது. பையன்களுக்காவது ஒரு இடம் மிஞ்சியதே என்று பார்க்கவேண்டும். பெண்பிள்ளைகளுக்கு ஆரோக்கிய உடற்பயிற்சி என்று வேறொன்று போடுகிறார்கள், அதுவும் நல்லதுதான்.

"உங்க மகளும் பெண்பிள்ளைதான்" என்றாள் கென்ஜெகுல்.

அவன் கதவுப்பக்கம் பார்த்தான். பெரிசாத் அங்கே நின்றுகொண்டிருந்தாள். கையில் கரி காய்ந்து வெடித்திருந்தது. அப்பாவைப் பார்க்காமல் மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மெத்தையில்தான் அவளுக்கு நடை பழக்கினான் அவன்.

கென்ஜெகுல் ஒன்றே ஒன்று கேட்டாள். கூடம் போனால் போகட்டும், திட்டம் போனாலும் போகட்டும். ஆனால் அந்தப் பிள்ளைகளை ஏமாற்றிக் கூட்டி வந்தவள் நான் என்று கூட்டத்தில் பேச்சு வந்தால், யார் வாக்கில் போனேன் என்று நீங்கள் சொல்லவேண்டும். நான் சொல்லமுடியாது என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் கூட இருந்தீர்கள்.

"பார்க்கலாம்" என்றான் உலார்பெக்.

கல்யாணமான நாளிலிருந்து அவனுடைய 'பார்க்கலாம்' அவளுக்குப் பழக்கம். கூரை ஒழுகினால் பார்க்கலாம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பார்க்கலாம், கடைசியில் எப்படியோ செய்துவிடுவான். அந்த நம்பிக்கையில்தான் கூட்டத்துக்குப் போனாள்.

•

தலைநகரத்திலிருந்து வந்த குழுவுக்குத் தலைமை ஒரு பெண். நாசிகாத் என்று பெயர். ஐம்பதைத் தாண்டியவள். வலது காது நசுங்கிக் காளான் மாதிரி சுருண்டிருந்தது. குஸ்தி போட்ட காது. அதைத் தலைமுடியால் மறைக்கவும் இல்லை. அதைப் பார்த்ததும் கென்ஜெகுலுக்கு மூச்சு கொஞ்சம் இலகுவானது.

மூத்தார்தான் பேச ஆரம்பித்தார். நன்றாகவே பேசுவார். கென்ஜெகுலின் திட்டத்தின் பெயரையே சொன்னார், அவள் எழுதிய முதல் பத்தியை மனப்பாடமாகவே சொன்னார். அதற்கப்புறம் வந்தவை அவள் எழுதாதவை. மாணவர்கள் உடற்கல்வியைக் கணினி வழியாகப் பாடமாகப் படிப்பார்கள். பெண்பிள்ளைகளுக்கு ஆரோக்கிய உடற்பயிற்சி. வேறு ஊர்களில் ஏற்கனவே பதக்கம் வாங்கிய வீரர்களை இங்கே மாணவர்களாகப் பதிந்துகொண்டால், அந்தப் பதக்கமெல்லாம் இந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும், நாட்டு விளையாட்டு வளரும்.

அதாவது இங்கே ஒரு பிள்ளையும் வியர்க்கவேண்டாம். பதக்கம் மட்டும் வந்துசேரும்.

இந்தத் திட்டத்துக்கு விதை போட்டவர் எங்கள் வீட்டு மருமகள்தான் என்று அவர் கென்ஜெகுலின் பக்கம் கைகாட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் கைதட்டவும் தட்டினார்கள். மண் அள்ளிப் போடும்போது மேலே ஒரு பூவையும் வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

நாசிகாத் கைதட்டவில்லை. பெண்பிள்ளைகளின் குஸ்திக் குழு ஒன்று இங்கே இருப்பதாகத் தகப்பன் ஒருவர் தனக்குத் தொலைபேசியில் சொன்னதாகவும், தலைநகரத்துப் பள்ளி இடத்தையே விட்டுவிட்டு வந்த பிள்ளைகளாமே, அவர்கள் எங்கே என்றும் கேட்டாள்.

கூட்டத்தில் சிறு சலசலப்பு. மூத்தார் மெதுவாகச் சிரித்தார். டீச்சருக்கு ஆர்வம் அதிகம் என்றார். நிர்வாகம் முடிவு செய்வதற்கு முன்பே கோடையில் மலைக்குப் போய் ஏதேதோ வாக்குக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது, நல்ல மனது, அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்றார்.

நாசிகாத் இவள்பக்கம் திரும்பினாள். "நீயா வாக்குக் கொடுத்தே?"

"போய்ச் சொன்னது நான்தான்க்கா."

"யார் வாக்கு?"

கென்ஜெகுல் எழுந்து நின்றாள். பெயர் நெஞ்சுக்கூட்டுக்குள் இருந்தது. தொண்டைவரை வந்தது. அங்கே நின்றுவிட்டது.

அவள் உலார்பெக்கைப் பார்த்தாள். அவன் தன் தொப்பியை மடியில் வைத்து அதன் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தான். மனைவிக்கு வாயடைக்கிற இடத்தில் புருஷன் சொல்லிக்கொடுப்பான். அதுதான் வழக்கம். பிள்ளை பிறந்த பதிவுக்குப் போனபோதும், வீட்டுப் பத்திரத்துக்குப் போனபோதும், அவள் நிமிர்ந்து பார்த்ததுமே அவன் சொல்லியிருக்கிறான். இன்று நிமிரவே இல்லை.

மூத்தார் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதற்றமே இல்லை. பூட்டிய வீட்டைப் பார்க்கிறவனின் நிம்மதி அந்த முகத்தில் இருந்தது.

அந்த முகத்தைப் பார்த்த நொடியில்தான் அவளுக்கு எல்லாம் விளங்கியது.

மலைக்கு உலார்பெக்கை அனுப்பியிருக்கலாம். மேய்ப்பர்களுக்கு அவனைத் தெரியும், அவன் குஸ்தி பார்த்தவர்கள். ஆனால் அவன் போயிருந்தால் போகிற கூடாரத்திலெல்லாம் எங்கள் அண்ணன் வாக்கு என்று பெயரோடு சொல்லியிருப்பான். இவள் சொல்லமாட்டாள். இவள் ஏறி இறங்கின மலை முழுக்கத் தேடினாலும் அவர் பெயரைக் கேட்ட காது ஒன்றுகூட இருக்காது. அவளுடைய திறமையைப் பார்த்து அவளை அனுப்பியதாக இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவளுடைய மரியாதையைப் பார்த்து அனுப்பியிருக்கிறார்.

நாசிகாத் பேனாவைக் கீழே வைத்தாள். குரல் தணிந்திருந்தது.

"நானும் ஒரு வீட்டுக்கு வாழப் போனவதான் தங்கச்சி. எனக்குப் புரியாமலில்ல. ஆனா 'வீட்டு ஆளு'ன்னு நான் எழுத முடியாது. பேரு இல்லன்னா அது உன் வாக்குன்னுதான் ஆகும்."

"மார்லென்" என்றாள் கென்ஜெகுல்.

குரல் அவளுடையது மாதிரியே இல்லை. அண்ணன் என்றும் சேர்க்கவில்லை, ஐயா என்றும் சேர்க்கவில்லை. தண்ணீர் கேட்கிற மாதிரி வெறும் பெயர். இன்னொரு தடவை முழுதாகச் சொன்னாள்.

"மார்லென் சத்தாரோவ். இதோ இங்க உக்காந்திருக்கவர். அவர் வீட்டுல, அவர் வாயால, என் வாக்குன்னு போய்ச் சொல்லுன்னு சொன்னாரு."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். நூலகத்துப் பெண்மணி தலைத்துணியின் நுனியை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பாட்டிமார் காலத்திலிருந்து யாரும் உடைத்துப் பார்க்காத ஒன்று உடைந்த சத்தம் அது. கென்ஜெகுல் உட்காரவில்லை.

மூத்தாரின் முகத்தில் ஒரு நொடி ரத்தம் வற்றியது. அவ்வளவுதான். உடனே சமாளித்துக்கொண்டார். வருத்தப்பட்ட குரலில், இப்படியெல்லாம் ஒரு பேச்சே நடக்கவில்லை, என் வீட்டில் நடந்திருந்தால் என் தம்பியும் இருந்திருப்பானே, அவனையே கேளுங்கள் என்றார்.

எல்லோரும் உலார்பெக்கைப் பார்த்தார்கள்.

தொப்பியின் ஓரம் நீவி நீவி நேராகிவிட்டிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எனக்கு ஞாபகம் இல்ல."

இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் பொய்யன் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஞாபகம் இல்லை. அவள் எதை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாளோ, அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் நிற்பான் என்று வந்தாள். அங்கே ஆளே இல்லை.

நாசிகாத் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருத்தர் சொன்னார் என்கிறார், ஒருத்தருக்கு ஞாபகமில்லை என்கிறார், இதை வைத்துத் தன்னால் ஒன்றும் எழுதமுடியாது என்றாள். நாளைக் காலையில் ஊர் திரும்புவதற்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் மோதுவதைப் பார்க்கவேண்டும். கூடம் இல்லையென்றால் வெட்டவெளி போதும். குழு ஒன்று இருக்கிறதென்று கண்ணால் கண்டால், பெண்பிள்ளைகளுக்குக் கூடம் வேண்டும் என்று எழுதத் தனக்கு வழி உண்டு.

"ஆனா ஒண்ணு. அதுக்குள்ள தகப்பன்மார் பிள்ளைங்கள கூட்டிட்டுப் போயிட்டா, என்கிட்ட எழுத எதுவும் இல்ல."

•

படிக்கட்டில் மூத்தார் அவளுக்காக நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். திட்டுவார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"சனிக்கிழமை கொஞ்சம் முன்னாடியே வந்துரும்மா" என்றார், எப்போதும் பேசுகிற அதே குரலில். "டீ ஊத்த ஆள் பத்தாது."

சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

•

பொழுது சாய்வதற்குள் பிள்ளைகள் கொதிகலன் அறையிலிருந்து மெத்தைகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தார்கள். நனைந்த மெத்தை செத்த மாடு மாதிரி கனக்கும். இழுக்கவும் கூடாது, கிழிந்துவிடும். தோளைக் கொடுத்துத் தூக்கவேண்டும். விடுதிக்குப் பின்னால் வெயில் கடைசிவரை நிற்கிற இடமாகப் பார்த்து விரித்தார்கள். பெரிசாத் கந்தல் துணிகளை எடுத்துவந்து பங்கிட்டாள். மண்டியிட்டு ஒவ்வொரு மடிப்பாகத் துடைத்தார்கள். மீரிம் மட்டும் துடைப்பதை விட்டுவிட்டு அடிக்கடி மலைச்சாலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டத்தில் நடந்தது பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அதைப்பற்றி ஒருத்தியும் பேசவில்லை. ஆனால் ஜன்னலோரம் அந்த வழியாகப் போனபோது ஒரு பிள்ளை அவனை மார்லென் என்று கூப்பிட்டாள். அவன் திடுக்கிட்டு நின்றான். பிள்ளைகள் சிரித்தார்கள். கென்ஜெகுலுக்கும் உதட்டோரம் லேசாக அசைந்தது. அன்று முழுக்க அது ஒன்றுதான்.

உலார்பெக் வந்தான். மெத்தைக்கு அந்தப் பக்கமாக நின்றான். அண்ணன் ரொம்ப மனம் உடைந்துபோயிருப்பதாகவும், நீ போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும், சனிக்கிழமை சொந்தபந்தமெல்லாம் வருகிற இடத்தில் நீ இல்லாவிட்டால் நாலு பேர் கேட்பார்கள் என்றும் சொன்னான். ஒரு பிள்ளை தனியாகத் தூக்கத் திணறிக்கொண்டிருந்தாள். பழக்கத்தில் அவன் கை நீண்டது. பெரிசாத் குறுக்கே வந்து அந்த மூலையைத் தான் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கப்பா. நாங்க தூக்கிக்கிறோம்."

நீண்ட கையை எங்கே வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நான் வரமாட்டேன்" என்றாள் கென்ஜெகுல். "யாராச்சும் கேட்டா என் பேரைச் சொல்லி, அவ வரலன்னு சொல்லுங்க. என் பேராவது ஞாபகம் இருக்கும்ல."

அவன் போய்விட்டான். போகிறபோது முதுகு கூன்விழுந்து தெரிந்தது. பின்னால் ஓடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. துணியைப் பிழிந்து மறுபடியும் மண்டியிட்டாள்.

அப்போதுதான் கைபேசி அடித்தது. மீரிமின் அப்பா ஒரோசாலி. மலைக்காற்றில் குரல் விட்டு விட்டு வந்தது.

விடிவதற்கு முன் வண்டி எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். மகளைக் கூட்டிப்போக. பக்கத்துக் கூடாரத்துக்காரரும் தன் மகளுக்காகக் கூட வருகிறார். கோபமாகப் பேசவில்லை. களைத்துப்போன மனிதனின் பேச்சு. கூடமே இல்லாத இடத்தில் பிள்ளையை வைத்து என்ன செய்ய டீச்சர் என்றார்.

இந்த விஷயம் மலைக்கு எப்படி அதற்குள் போனது என்று கென்ஜெகுலுக்கு விளங்கவில்லை. ஒருநாள் பொறுங்கள், ஒரு அரைநாள் பொறுங்கள் என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னிக்கு யார் வாக்குன்னு கேட்டப்ப வீட்டு ஆளுன்னீங்க. நான் அதுக்கு மேல கேக்கல. யாரு அது?"

அவள் தொண்டை தயாராகக்கூட இல்லை. ஆனாலும் வந்துவிட்டது.

"மார்லென் சத்தாரோவ்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"அவரா?" என்றார் ஒரோசாலி. "நேத்து எனக்கு போன் பண்ணி, அந்த டீச்சர் தானா எதையோ உளறியிருக்கா, கூடம் கிடையாது, பிள்ளைய உடனே கூட்டிட்டுப் போயிருங்கன்னு சொன்னது அதே பேர்தானம்மா. பேரைச் சொல்லித்தான் பேசினாரு. எல்லா வீட்டுக்கும் பண்ணியிருக்காரு."

நேற்று. கூட்டத்துக்கு முந்தின நாள். அவள் இன்னும் மெத்தை இருக்கிறதென்று நம்பிக்கொண்டிருந்த நாள்.

கென்ஜெகுல் எழுந்தாள். கையிலிருந்த கந்தலிலிருந்து தண்ணீர் அவள் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. பெரிசாத் துடைப்பதை நிறுத்திவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தாள். மீரிமும் பார்த்தாள்.

"நாளைக்கு இதைத் தலைநகரத்து அம்மா முன்னாடி சொல்வீங்களா?"

"அவரு படிச்ச மனுஷன், பதவியில இருக்கவரு. நான் ஆடு மேய்க்கிறவன்." காற்று குறுக்கே அடித்தது. "வந்து நின்னு வாயத் திறந்தா, அதுக்கப்புறம் எம் பிள்ளைக்கு இந்த ஊர்ல படிப்பு இருக்குமா? யாரை நம்பி வரட்டும் டீச்சர், சொல்லுங்க."

என்னை நம்பி வாருங்கள் என்று சொல்ல வாய் வந்தது. அந்த வார்த்தையை அந்த மனிதனிடம் ஏற்கனவே ஒருதடவை செலவழித்தாகிவிட்டது.

"யாரையும் நம்பாதீங்க" என்றாள். "பிள்ளையக் கூட்டிட்டுப் போகவே வாங்க. ஆனா கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, அவ மெத்தையில நிக்கிறத ஒருதடவை பாருங்க. நீங்க இன்னும் பார்த்ததே இல்ல."

அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. தொடர்பு அறுந்திருந்தது.

"அப்பா என்ன சொன்னாரு டீச்சர்?" என்றாள் மீரிம்.

கென்ஜெகுல் மெத்தையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். மேலே காய்ந்திருந்தது. உள்ளே இன்னும் ஈரம்.

"நில்லு" என்றாள். "கால அகட்டி நில்லு. பெரிசாத், நீ எதிர்ல வா."